அச்சு முறுக்கு அச்சை விட்டுக் கழலவே மாட்டேன் என்கிறது

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு சுடலாம் என்று புது இரும்பு அச்சு வாங்கினேன், பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, எள் எல்லாம் கலந்தாயிற்று, ஆனால் மாவு அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: புது அச்சைப் பழக்கணும் அக்கா. அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டுத் துடைத்து, எண்ணெய் தடவி ஓர் இரவு வையுங்கள்.

பதில் 2: அச்சு காயும் எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேறணும், அப்புறம் மாவில் முக்கால் பாகம்தான் முக்கணும், மேல்விளிம்பு மூழ்கினால் கழலவே கழலாது, நாகர்கோவிலில் அம்மா முதலில் சொல்லித் தந்தது இதுதான். சர்க்கரை கூடினாலும் ஒட்டும்.

கேட்டவர்: முக்கால் பாகம் முக்கினேன், கழன்று விட்டது! மூங்கில் குச்சியில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது அடுப்படியில். ரொம்ப நன்றி.