அம்மா கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதம், பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

ஆரணி_மகன்:
அம்மாவுக்கு ஒரு தனியார் வங்கியில் சேமிப்புக் கணக்கு. குறைந்தபட்சம் 1,000 இருக்க வேண்டுமாம், இருந்தது 910. போன வாரம் பாஸ்புக் என்ட்ரி போட்டால் 354, 354, 202 என்று மூன்று வரி, கடைசியில் பூஜ்யம். 300 அபராதம், அதற்கு 54 ஜிஎஸ்டி. அப்புறம் வந்த கேஸ் மானியம் இருபத்துச் சொச்சத்தையும் விடவில்லை. கிளையில் கேட்டால் “ஹெட் ஆபீஸ்தான் சொல்லணும்” என்கிறார்கள். மெயில் போட்டு 11 நாள் ஆகிறது. “உங்கள் கடிதம் கிடைத்தது” என்ற தானியங்கிப் பதில்தான். என்ன செய்யலாம்?

பழைய_கேஷியர்:
தம்பி, வாய்வார்த்தையாகக் கேட்டதெல்லாம் கணக்கில் வராது. எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 2015 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது: இருப்பு குறைந்தால் முதலில் எஸ்எம்எஸ், மெயில் அல்லது கடிதம் மூலம் சொல்ல வேண்டும், சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் கொடுக்க வேண்டும், அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். 90 ரூபாய் குறைந்ததற்கு 300 எந்தக் கணக்கு? அதையே முதல் வரியாக எழுதுங்கள். அபராதத்தால் மட்டுமே கணக்கை மைனஸில் தள்ளவும் கூடாது.

ஆரணி_மகன்:
எஸ்எம்எஸ் எதுவும் வரவில்லை சார்… ஒரு நிமிஷம். கணக்கில் இருப்பது அப்பாவின் பழைய நம்பர். அவர் போனபிறகு அந்த சிம்மை யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை.

பழைய_கேஷியர்:
அங்கேதான் பிடிப்பார்கள். உடனே நம்பரை மாற்றுங்கள். ஆனாலும் 90-க்கு 300 என்ற வாதத்துக்கும் நம்பருக்கும் சம்பந்தமில்லை, அதை விடாதீர்கள்.

வெண்ணிலா_கோவை:
நோடல் அதிகாரிக்கும் (வங்கியில புகாரைக் கவனிக்கிறவர்) ஒரு பிரதி போடுங்க, பெயர் வங்கித் தளத்திலேயே இருக்கும். புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரலைன்னா, இல்ல வந்த பதில் திருப்தி இல்லைன்னா, ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (வங்கி மேல வர்ற புகாரை விசாரிக்கிற குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அவசரப்பட்டு முன்னாடியே போட்டா திருப்பிடுவாங்க. சந்தேகம்னா 14448. அப்படியே மினிமம் பேலன்ஸே கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கா மாற்றித் தரச் சொல்லுங்க.

ஆரணி_மகன் (இரண்டு வாரம் கழித்து):
நோடல் அதிகாரிக்குப் போட்ட நாலாம் நாள் போன் வந்தது! 556-ம் கேஸ் மானியமும் திரும்ப வந்துவிட்டன. முதல் 354 மட்டும் தர முடியாதாம், “எஸ்எம்எஸ் அனுப்பினோம்” என்று எழுத்தில் பதில். இன்னும் 30 நாள் ஆகவில்லை, காத்திருக்க வேண்டுமா?

வெண்ணிலா_கோவை:
வேண்டாம், மறுத்துப் பதில் வந்துடுச்சே. அந்தக் கடிதத்தையும் பாஸ்புக் பக்கத்தையும் சேர்த்துப் போடுங்க.

ஆரணி_மகன்:
போட்டுவிட்டேன், புகார் எண் வந்திருக்கிறது. போன் நம்பர் மாற்றப் போனால் அதற்கு ஒரு படிவம். அம்மாவின் கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.