புதுப்பிப்பு: மீடியா கன்வெர்ட்டர் சிக்கல் தீர்ந்தது

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் இழுத்து இரு முனையிலும் 100 எம்பிபிஎஸ் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியைக் காப்பர் கேபிளுக்கான மின் சிக்னலாகவும், திருப்பியும் மாற்றும் பெட்டி) மாட்டியிருக்கிறேன். எல்லா விளக்கும் எரிகிறது, பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகிறது, பெரிய ஃபைல் மட்டும் நத்தையாய் நகர்கிறது என்று எழுதியிருந்தேன். கனெக்டரைத் துடைக்கச் சொன்னீர்கள். துடைத்தேன், பலனில்லை. இரண்டு கன்வெர்ட்டரும் ஒரே வகையோ என்று கேட்டவருக்கு: இல்லை, சரியான ஜோடிதான்; ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்புகிறது, மற்றது 1550-ல்.

வினை ஃபைபரில் இல்லை, கன்வெர்ட்டரை ஸ்விட்ச்சோடு இணைக்கும் காப்பர் பக்கம் இருந்தது. பழைய ஸ்விட்ச்சில் அந்த போர்ட்டை யாரோ 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் டேட்டா) என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். கன்வெர்ட்டரோ ஆட்டோ நெகோஷியேஷனில் (எதிர்முனையோடு பேசி வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தானே முடிவு செய்யும் முறை). எதிர்முனை பேசாவிட்டால் கன்வெர்ட்டரால் வேகத்தை மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும். டூப்ளெக்ஸ் தெரியாமல் ஹாஃபுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். ஒரு முனை ஃபுல், மறுமுனை ஹாஃப் என்றால் டேட்டா மோதிச் சிதையும். ஃபைல் அனுப்பும்போதெல்லாம் ஸ்விட்ச் கவுண்டரில் சிஆர்சி பிழை (டேட்டா சிதைந்து வந்ததன் எண்ணிக்கை) ஏறியதுதான் துப்பு. போர்ட்டை ஆட்டோவுக்கு மாற்றியதும் ஏறுவது நின்றது. வேகமும் வந்துவிட்டது.

அப்புறம், சோதிக்கும்போது கன்வெர்ட்டரில் உள்ள எல்எஃப்பி (ஒரு பக்க லிங்க் போனால் மறுகோடிக்கும் தெரிவிக்கும் வசதி) டிப் ஸ்விட்ச்சை, அதாவது அந்தக் குட்டிப் பொத்தானை, அணைத்து வையுங்கள். அது ஆனில் இருந்தால் இங்கே காப்பர் கேபிளைப் பிடுங்கினால் அந்தக் கோடியிலும் லிங்க் விழும். எது எதனால் போனது என்றே புரியாது. வேலை முடிந்ததும் மறுபடி ஆன் செய்துவிட்டேன்.