உலகத் தண்ணீர்த் துறை நிதியில் முதலீடு செய்யலாமா?

கேள்வி (ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு):
2024 கோடையில் எங்கள் குடியிருப்பு டேங்கர் லாரிகளையே நம்பியிருந்ததிலிருந்து, உலகத் தண்ணீர் நிறுவனங்களில் பணம் போடும் பரஸ்பர நிதி ஒன்றில் நீண்டகால முதலீடு செய்யலாமா என்று யோசித்து வருகிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1:
நண்பரே, தட்டுப்பாடு கூடினால் நிதியின் மதிப்பும் கூடும் என்று கருத வேண்டாம். இவை தண்ணீரை வாங்கி விற்பதில்லை. அமெரிக்கன் வாட்டர் வொர்க்ஸ் போன்ற குடிநீர் விநியோக நிறுவனங்களிலும், ஸைலம் போன்ற பம்பு, மீட்டர் தயாரிப்பாளர்களிலும் பங்கு வாங்குகின்றன. முன்னவற்றின் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையங்களே நிர்ணயிப்பதாலும், குழாய் பதிக்க அவை பெருங்கடன் வாங்குவதாலும், வட்டி ஏறும்போது அப்பங்குகள் பெரும்பாலும் தளர்வடைகின்றன.

பதில் 2:
மிகச் சரி. வெளிநாட்டுக்கு நேரடியாகப் பணம் அனுப்பி வாங்குவதானால், ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஒரே துறை என்பதால் சேமிப்பில் சிறு பகுதியை மட்டும் ஒதுக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நிதியின் பங்குப் பட்டியலில் இவ்விரு வகைகளின் விகிதத்தை முதலில் பார்க்கிறேன்.