சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்: பிள்ளைகளிடம் முன்பே சொல்வதா, மறைப்பதா?

வேளச்சேரி அப்பா: மே விடுமுறைக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். செந்தோசா தீவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவும் திட்டத்தில் உண்டு. அந்தப் பூங்காவைப் பற்றி மட்டும் பத்து வயது மகளிடமும் ஏழு வயது மகனிடமும் மூச்சு விடவில்லை. வாசலில் சுற்றும் பெரிய உலக உருண்டையைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. சரிதானே?

மதுரை மீனா: வேண்டாம் தம்பி. பையன் உயரம் என்ன? பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டரில் ஏற 125 செ.மீ. வேண்டும், ‘மம்மி’ ரைடுக்கு 122. கொஞ்சம் குறைந்தாலும் விட மாட்டார்கள். அக்கா உள்ளே போக, அவன் வெளியே நின்று அழுவான். இப்போதே சுவரில் கோடு போட்டு அளந்து காட்டுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 போதும், பெரியவர் கூட இருந்தால் ஏறலாம் என்று அதையும் சொல்லுங்கள்.

வேளச்சேரி அப்பா: 119தான் இருக்கிறான் அக்கா. அதனால்தான் சொல்லவில்லை! சொன்னால் அந்தச் சிவப்பு, நீல ரோலர் கோஸ்டரையே யூடியூபில் பார்த்துக்கொண்டிருப்பான். ஏற முடியாத ஒன்றுக்காக அவன் ஏன் இப்போதிருந்தே ஏங்க வேண்டும்?

ஜூரோங்வாசி: நான் அப்பா பக்கம். இங்கே சிங்கப்பூரில் மதியத்தில் திடீரென்று மழை கொட்டும். இடி மின்னல் என்றால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். இதில்தான் ஏறுவேன் என்று மனதில் பதித்து வந்த பிள்ளை நொந்துபோகும். எதுவும் தெரியாமல் வந்த பிள்ளை கிடைத்ததில் குஷியாக இருக்கும்.

மதுரை மீனா: அந்த ஒரு நாள் குஷிக்காக அதற்கு முந்தைய நாட்களின் சந்தோஷத்தை ஏன் பறிக்கிறீர்கள்? தீபாவளித் துணியை எடுத்து வைத்துவிட்டுத் தினமும் பீரோவைத் திறந்து பார்ப்போமே, அந்தச் சுகம் பிள்ளைகளுக்கு வேண்டாமா? திகைத்து நிற்கும் முகத்தை வீடியோ எடுக்கும் ஆசை பெரியவர்களுடையது.

இரட்டையர் அம்மா: என் பிள்ளைகளில் ஒருத்திக்கு இருட்டும் பெரும் சத்தமும் ஆகாது. மம்மி ரைடு முழுக்க இருட்டில்தான் ஓடும். அப்படிப்பட்ட குழந்தையைச் சொல்லாமல் கூட்டிப்போவது கொடுமை. பயமே அறியாத இன்னொருத்தியிடம் தாராளமாக மறைக்கலாம்.

வேளச்சேரி அப்பா: மகன் எதற்கும் பயப்பட மாட்டான். மகளிடம் இன்றே சொல்லிவிடுகிறேன், அவள் விவரமானவள். அவனுக்கு மட்டும் ரகசியம்.

மதுரை மீனா: பத்து வயதுப் பெண் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பாள், பாவம்? சரி, உங்கள் பிள்ளைகள், உங்கள் முடிவு. ஆனால் அந்த உயர விஷயத்தை முந்தின நாள் ராத்திரி ஹோட்டல் அறையிலாவது நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள். ரைடு வாசலில் முன்பின் தெரியாத ஊழியர் சொல்லி அவன் தெரிந்துகொள்ளக் கூடாது.