முகம் காணாமல் போன கண்ணாடிகள்: நீங்கள் பார்த்தது என்ன?

ஊசியிலை:
இங்கிலாந்தில் ஒரு கிராமத்துத் தேவாலயம், 1870களில் வைத்த வண்ண ஓவியக் கண்ணாடிக் கிழக்குச் சன்னல். அக்காலத்தில் கண்ணாடிமேல் முகம் வரையும் பூச்சில் போராக்ஸ் என்ற உப்பைக் கலந்த விவகாரம் இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். குளிர்காலக் காலை, கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நீர் கோத்திருந்தது. பராமரிப்புக்கு வரும் பெரியம்மா ஒருவர் ஈரத்தைத் துடைத்தார். தேவதூதரின் புருவம் துணியோடு வந்துவிட்டது! "எவ்வளவு அழுக்கு பாருங்கள்" என்று சந்தோஷமாக என்னிடம் காட்டினார். சிவப்பு அங்கியும் நீலச் சிறகும் அப்படியே இருக்கின்றன, அவை கண்ணாடி உருகும்போதே சேர்ந்த நிறம். முகம் இருந்த இடத்தில் வெளியே நிற்கும் மரம் தெரிகிறது. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோபால்ட்நீலம்:
ஊசியிலை, எல்லாப் பழியையும் போராக்ஸ் தலையில் போடாதீர்கள். சீக்கிரம் உருகட்டும் என்று அதைக் கலந்தார்கள், அது தண்ணீரில் கரையும் பூச்சாக முடிந்தது, சரி. ஆனால் பூச்சுக்கான இரும்பு ஆக்சைடையும் ஈயக் கண்ணாடிப் பொடியையும் முறையாகவே அரைத்துவிட்டு, சூளையில் போதிய சூடு கொடுக்காமல் எடுத்தாலும் பூச்சு பிடிக்காது. போராக்ஸே இல்லாமல் உதிர்ந்த முகங்களும் உண்டு.

என் கதை வேறு. ஏலக்கூடம் ஒன்றில் குடும்பச் சின்னம் வரைந்த 17ஆம் நூற்றாண்டு ஸ்விஸ் சன்னல் கண்ணாடி ஒன்று. பார்ப்பதற்காகச் சற்றுச் சாய்த்தார்கள், கேடயத்தின் நீலம் மேசைமேல் செதிலாகக் கொட்டியது. ஒட்டியிருந்த மஞ்சள் அசையவே இல்லை. மஞ்சள் வெள்ளி உப்பிலிருந்து வருவது, கண்ணாடிக்கு உள்ளேயே இறங்கிவிடும். நீல எனாமல் மேலே உருகி ஒட்டிய தனிக் கண்ணாடிப் படலம். கோபால்ட் கண்ணாடியில் பொட்டாசியம் அதிகம், ஈரம் அதை மெல்ல உறிஞ்சி எடுத்துவிடும். அடிக்கண்ணாடியும் படலமும் விரிந்து சுருங்கும் அளவும் ஒன்றல்ல. அப்புறம் நுண்விரிசல், அதற்குள் மறுபடியும் ஈரம். இன்னும் அந்த மேசைதான் கண்ணில் நிற்கிறது.

நிழல்வெளி:
நான் நெதர்லாந்தில் கௌடா நகரின் புனித ஜான் ஆலயத்தில் கழுத்து வலிக்க நின்றதோடு சரி. கண்ணாடி ஓவியர்களான கிராபெத் சகோதரர்கள் 1555இலிருந்து 1571 வரை செய்த சன்னல்கள், பிரமிப்பு தீரவில்லை. ஆனால் ஊசியிலை, ஏன் சும்மா இருந்தீர்கள்? ஈரத் துணி, உலர் துணி, கடையில் விற்கும் கண்ணாடித் திரவம் எதுவும் கூடாது என்று ஒரு சீட்டாவது எழுதி ஒட்டியிருக்கலாம். முதலில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள், இன்றைக்கு இருப்பதாவது பதிவாகும். தளர்ந்த பூச்சைப் பாரலாய்டு பி-72 மாதிரியான பிசினால் நிறுத்துவார்கள், அது பயிற்சி பெற்றவர் வேலை. உண்மையான மருந்து, பழைய கண்ணாடிக்கு வெளியே இடைவெளி விட்டுப் பொருத்தும் காப்புக் கண்ணாடிதான். இடைவெளிக்குள் ஆலயத்தின் காற்றே ஓட வேண்டும், அப்போதுதான் பழைய கண்ணாடி குளிராது, நீர் கோக்காது. காற்றுவழி இல்லாமல் அடைத்தால் இன்னும் மோசம்.

ஊசியிலை:
நிழல்வெளி, விருந்தாளியாகப் போன இடத்தில் சீட்டு ஒட்டச் சொல்கிறீர்கள்! முகத்தைத் திரும்ப வரைந்து சூளையில் வைக்கலாமே என்று அங்கே பேச்சு அடிபடுகிறது.

கோபால்ட்நீலம்:
அப்படிச் செய்ய விடாதீர்கள். பழைய கண்ணாடி சூளையில் வெடிக்கும், மிஞ்சிய கோடுகளும் மாறிப்போகும். மெல்லிய புதுக் கண்ணாடியில் முகத்தை வரைந்து பின்னால் பொருத்தச் சொல்லுங்கள், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். அப்புறம் நிழல்வெளி, கௌடாவில் எல்லாமே கிராபெத் சகோதரர்கள் செய்ததில்லை.