சும்மா கிடந்த இன்ஜின் படுத்திய பாடு

மேலூர்க்காரன்:
எங்கள் வயல் பெரியாறு கால்வாயில் கள்ளந்திரிக்குக் கீழே, வருஷத்துக்கு ஒரு போகம்தான். மாசியில் அறுப்பு முடிந்ததும் பவர் ஸ்பிரேயரை, அதான் இன்ஜின் வைத்த மருந்துத் தெளிப்பானை, கொட்டகை மூலையில் போட்டதோடு சரி. டேங்கில் ஆயில் கலந்த பெட்ரோல் கால்வாசி கிடந்தது. கார்த்திகையில் இலைச்சுருட்டுப்புழு தெரிந்த பிறகுதான் எடுத்தேன். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றது. அப்பா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மெக்கானிக், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, பழைய பெட்ரோல் அடியில் பிசினாக ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி என் மூக்குக்கு நேரே நீட்டினார். வார்னிஷ் நாற்றம். "இதை வச்சு எப்படிண்ணே ஓடும்?" மறுநாள் விடியுமுன் அப்பாவே கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு 68 வயது.

திருமங்கலம்:
எல்லாப் பழியையும் பெட்ரோல் மேல் போடாதீர்கள். என் புல்வெட்டும் இயந்திரத்தில் கார்புரேட்டர் சுத்தமாகத்தான் இருந்தது. ஸ்டார்ட் ஆகும், இரண்டு உறுமல், அணைந்துவிடும். கடைசியில் சைலன்சர் வாயில் கம்பியை விட்டால் மண் கொட்டியது. குளவி கூடு கட்டியிருக்கிறது! மண்ணோடு நாலு புழு வேறு.

சோழவந்தான்:
குளவி பத்து நிமிட வேலை. மேலூர்த் தம்பி சொன்னதுதான் பெரிய விஷயம். எனக்கும் ஒரு முறை சிலிண்டரே துருப்பிடித்துப் பிஸ்டன் நகரவில்லை, அந்தக் கதை வேண்டாம். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாக இறங்கிவிடும். நாம் கலக்கும் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் இருப்பதைக் குடித்து ஓடினால் பிஸ்டனுக்கு எண்ணெய்ப் பசை ஏது? அதனால் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீர்ந்து தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றி, ஒரு டீஸ்பூன் 2டி ஆயில் ஊற்றி, கயிற்றை மெதுவாக நாலு தடவை இழுங்கள். பிளக்கை மாட்டியபின், இழுக்கும்போது கனம் தட்டும் இடத்தில் நிறுத்துங்கள். சைலன்சர் பக்கத்து வாசலைப் பிஸ்டன் மறைத்துக்கொள்ளும், ஈரம் ஏறாது.

அலங்காநல்லூர்:
வடிப்பது பிளாஸ்டிக் டேங்குக்குச் சரி. இரும்பு டேங்கைக் காலியாக வைத்தால் உள்ளே துருப்பிடிக்கும் அண்ணே, என் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் அப்படித்தான் போனது. கனடாவில் இருக்கும் என் மச்சான் பனிமேல் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டியைக் கோடைக்குக் கட்டிவைக்கும்போது டேங்கை நிரப்பி, கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போய்ச்சேரக் கொஞ்ச நேரம் ஓட்டுகிறார். அப்புறம் காற்று இழுக்கும் வழியில் ஃபாகிங் ஆயில், உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் எண்ணெய், அடிக்கிறார். ஒருநாள் வீடியோ காலில் காட்டினார். முற்றம் முழுக்க வெள்ளைப் புகை, இன்ஜின் இருமி இருமி அணைகிறது. வீடு தீப்பிடித்ததென்று அக்கா கத்திக்கொண்டு ஓடி வருகிறாள். பின்பாகத்தைத் தூக்கி நிறுத்தி, அடியில் சுற்றும் ட்ராக் பட்டையைத் தளர்த்தி, எலி நுழையாமல் சைலன்சரில் துணி அடைத்துவிடுவாராம்.

மேலூர்க்காரன்:
என்னுடையது பிளாஸ்டிக் டேங்க்தான். வடித்த பழைய பெட்ரோலை என்ன செய்வது?

திருமங்கலம்:
பைக்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அப்புறம் அந்தத் துணி நல்ல யோசனை, குளவிக்கும் ஆகும். ஆனால் துணி வைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதிக் கயிற்றுப் பிடியில் கட்டுங்கள். போன வருஷம் நான் துணியோடு அரை மணி நேரம் இழுத்தேன்.