ஆயா வாயில் விரல் விட்டுச் சளி எடுக்கிறார், நிறுத்தச் சொல்லலாமா?

முதல்பிள்ளை:
குழந்தை பிறந்து 9 நாள். எடை 2.4 கிலோ, தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. குளிக்க வைக்க வரும் ஆயா காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார். அதுவரை சரி. அப்புறம் தொண்டை வரை விரல் விட்டுச் சளி எடுக்கிறார், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார். நேற்று பிள்ளைக்கு மூச்சு முட்டி உதடு கருத்துவிட்டது. மாமியார், "எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் வளர்ந்தது" என்கிறார்.

பவானிக்கரை:
பயப்படாதே கண்ணு. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் என் காலில் குளித்தவைதான். சளி எடுக்காவிட்டால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும். குளித்ததும் சாம்பிராணி காட்டினால் அடித்துப் போட்டதுபோல் தூங்கும்.

வார்டு நர்ஸ்:
உதடு கருத்தது சாதாரணம் இல்லை. இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பவானிக்கரை அம்மா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதை ஒப்புக்கொள்ள முடியாது. மூக்கில் விட்ட எண்ணெய் இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். அங்கே போனால் நிமோனியா வரலாம். விரல் நகம் பட்டுத் தொண்டை கிழிந்தாலும் வெளியே தெரியாது. குழந்தை தும்மித் தும்மியே மூக்கைச் சுத்தம் செய்துகொள்ளும். சாம்பிராணியும் அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்குப் புகைதான்.

இந்த எடைக்கு, கொடி விழும்வரை, வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும்.

பவானிக்கரை:
துடைத்தால் போதுமா? கழுத்து மடிப்பில் பால் வழிந்து புளித்துப் புண்ணான பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், இடுக்கெல்லாம் சிவந்து கிடந்தது. டப்பில் சோப்போடு வழுக்குகிற பிள்ளையைவிட, நீட்டிய காலில் கிடக்கிற பிள்ளை பத்திரம்.

வார்டு நர்ஸ்:
அந்த இரண்டும் உண்மை. மடிப்பை விரித்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். கொடி விழுந்து எடை கூடியபின் காலில் போட்டே குளிக்க வையுங்கள். முதலில் பச்சைத் தண்ணீர், அதில் வெந்நீரைக் கலந்து முழங்கையால் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துத் தலையைத் துவட்டிவிடுங்கள். உடம்பில் தேங்காய் எண்ணெய் இதமாகத் தடவலாம். மூக்கு, காது, தொப்புளில் ஒரு சொட்டும் வேண்டாம். குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பதும் கூடாது, சீழ் கட்டும்.

பவானிக்கரை:
மார்பைப் பிதுக்குவது எனக்கும் பிடிக்காது, செய்ததில்லை. மூக்கில் எண்ணெய் விடுவதை வேண்டுமானால் நிறுத்திவிடலாம். சாம்பிராணியை விட மாட்டேன்.

முதல்பிள்ளை:
மருத்துவரிடம் காட்டினோம், நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம். எடை கூடும்வரை துடைக்கவே சொன்னார். ஆயாவிடம் விரலும் எண்ணெயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் கோபம்தான். இன்று நானே துடைத்தேன். கழுத்தடியில் திரிதிரியாகப் பால் அழுக்கு இருந்தது அம்மா, நீங்கள் சொன்ன மாதிரியே.